லத்தீனோவா, லத்தீனாவா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதுறப்போ, ஃபிலிப்பைன்ஸ் நாட்டுப் பொண்ணுங்கற அர்த்தத்துல "ஃபிலிப்பினா"ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன். அது சரியா தப்பான்னு கேட்டு வந்த மெயில், வாட்ஸ்அப், ரெண்டு போஸ்ட் கார்டு உட்பட எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா ஒரு இதழுக்கே போதும் போல இருந்துச்சு. அதனால இந்த மாசம் முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன். ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு வந்த இனப் பேர்கள் கொஞ்சம் இருக்கு, லத்தீனோ-லத்தீனா, ஃபிலிப்பினோ-ஃபிலிப்பினா மாதிரி ஆணுக்கு ஒண்ணு பெண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு உருவத்தோட வந்துச்சு, எதை எங்க போடுறதுன்னு இங்கிலீஷ்காரங்களுக்கே குழப்பம். நமக்கு இருக்கறதுல ஆச்சரியம் இல்ல.

மேடம், அமெரிக்கக் கம்பெனி ஒண்ணுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்றேன். கடைசிப் பக்கத்துல "ஹிஸ்பானிக் ஆர் லத்தீனோ?"ன்னு ஒரு கேள்வி வருது. எங்க குடும்பப் பேரு பெர்னாண்டோ. எஸ் போடணுமா, நோ போடணுமா? நான் பொண்ணு, அப்போ லத்தீனான்னு தானே கேக்கணும்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

நோ தாம்மா. உங்க பேரு வந்த வழி வேற. 1530-கள்ல முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியர்கிட்ட ஞானஸ்நானம் வாங்குனப்போ கூடவே வந்த பேருங்க தான் பெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ எல்லாம். பேரு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கற ஐபீரியாவுல இருந்து வந்திருக்கலாம், ஆனா அந்த ஃபாரம் பேரைக் கேக்கல, பூர்வீகத்தைக் கேக்குது.

ஹிஸ்பானிக்னா ஸ்பானிஷ் பேசுற நாட்டுப் பூர்வீகம். லத்தீனோன்னா லத்தீன் அமெரிக்கப் பூர்வீகம். ரெண்டும் பெரும்பாலும் ஒரே ஆளுங்களைத்தான் குறிக்கும், ஓரத்துல மட்டும் பிரியும். ஸ்பெயின்ல இருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனா பொதுவா அவரை லத்தீனோன்னு சொல்ல மாட்டாங்க. பிரேசில்காரர் லத்தீனோ, ஆனா அவர் பேசுறது போர்ச்சுகீஸ், அதனால ஹிஸ்பானிக் இல்ல. அமெரிக்க அரசாங்கம் 1977-ல ஹிஸ்பானிக்னு மட்டும் தான் வச்சுது, 1997-ல தான் "ஹிஸ்பானிக் ஆர் லத்தீனோ"ன்னு ரெண்டையும் சேர்த்துச்சு. 2020 சென்சஸ்ல இந்தக் கட்டத்துல டிக் போட்டவங்க 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல.

அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் பொம்பளைங்க. அவங்களும் அதே "லத்தீனோ" கட்டத்துல தான் டிக் போட்டாங்க, தன்னை ஆம்பளைன்னு எழுதிக் கொடுத்துட்டதா யாரும் நினைக்கல. ஏன்னா அந்த ஃபாரம்ல இருக்கற லத்தீனோ எல்லாருக்கும் பொதுவான லத்தீனோ. இந்த "பொதுவான" அப்படிங்கறதுல தான் எல்லாப் பிரச்சினையும் ஆரம்பிக்குது. அடுத்த கேள்வியே அதான்.

நான் பிளஸ் டூ இங்கிலீஷ் டீச்சர். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் சோனியா சோட்டோமேயர் பத்தி ஒரு கட்டுரை வகுப்புல படிச்சோம். ஒரு வரியில அவங்களை லத்தீனான்னு போட்டிருக்கு, நாலு வரி தள்ளி "லத்தீனோ கம்யூனிட்டி"ன்னு இருக்கு. ஒரு பையன் எந்திரிச்சு "லத்தீனோ உமன்னு எழுதலாமா மிஸ்"னு கேட்டான். நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.
– கே. எஸ்., திருச்சி

அந்தப் பையனுக்கு என் சார்புல ஒரு சபாஷ் சொல்லிடுங்க. கட்டுரையில ரெண்டு இடமும் சரி தான்.

நம்ம மொழியில இருந்தே போனா சீக்கிரம் புரியும். தமிழன், தமிழச்சி, தமிழர். முதல் ரெண்டும் ஆணும் பெண்ணும், மூணாவது எல்லாருக்கும். அந்த "ர்" ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, தொல்காப்பியம் இதைப் பலர்பால்னு தனியாவே பிரிச்சு வச்சிருக்கு. ஸ்பானிஷ்ல இந்த மூணாவது வடிவம் கிடையாது. லத்தீனோன்னா ஆண், லத்தீனான்னா பெண், கூட்டமா சொல்லணும்னா ஆண் வடிவத்தையே இழுத்துக்கணும். தொண்ணூத்தொம்பது பொண்ணுங்க நிக்கிற இடத்துல ஒரு பையன் வந்து சேர்ந்தா அந்த நிமிஷமே லத்தீனாஸ் லத்தீனோஸ் ஆயிடும். தமிழர்னு ஒரு சொல்லே இல்லாம, எல்லாரையும் "தமிழன்கள்"னே சொல்லியாகணும்னு இருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

இதுல இங்கிலீஷுக்குப் பெயர்ச்சொல்லுல இப்படி ஆண் பெண் விகுதி வைக்கிற பழக்கம் பெருசா இல்ல. மெக்சிகன், கியூபன், கொலம்பியன் எல்லாம் இங்கிலீஷ் விகுதி போட்டு அதுங்களே செஞ்சுக்கிட்ட வார்த்தை, அதனால ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணு தான். லத்தீனோ, சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்), ஃபிலிப்பினோ, மெஸ்டிஸோ (ஐரோப்பியரும் பூர்வகுடியும் கலந்த வம்சம்), டெக்ஸஸ் பக்கம் தெஹானோ, இதெல்லாம் ஸ்பானிஷ்ல இருந்து வேரோட பிடுங்கி அப்படியே நட்டது, ஓவும் ஆவும் மண்ணோட சேர்ந்து வந்துடுச்சு.

இப்போ எழுதுற முறைக்கு வருவோம். ஒரு பெண்ணைப் பத்தித் தனியாச் சொன்னா லத்தீனா. ஆணுக்கு லத்தீனோ. கலந்த கூட்டத்துக்கு லத்தீனோஸ். பொம்பளைங்க மட்டும்னா லத்தீனாஸ். சமூகம், சாப்பாடு, மியூசிக், ஓட்டு, பண்பாடு மாதிரி ஆளில்லாத சொல்லுக்கு முன்னாடி லத்தீனோ தான், "லத்தீனா ஃபுட்"னு யாரும் எழுத மாட்டாங்க. ஆனா "லத்தீனா வோட்டர்ஸ்"னு எழுதினா அதுக்கு அர்த்தம் உண்டு, பெண் வாக்காளர்களை மட்டும் சொல்றோம்னு அர்த்தம். அப்புறம் ஸ்பானிஷ்ல அடைமொழியும் பன்மை எடுக்கும், இங்கிலீஷ்ல எடுக்காது, அதனால "லத்தீனோஸ் வோட்டர்ஸ்"னு ஒரு எஸ் கூடுதலா விழுந்தா தப்பு. ஸ்பானிஷ்ல இந்த வார்த்தைங்களைச் சின்ன எழுத்துல ஆரம்பிப்பாங்க, இங்கிலீஷ்ல பெரிய எழுத்து.

பையன் கேட்ட "லத்தீனோ உமன்" இலக்கணத் தப்பு இல்ல. இங்கிலீஷ்ல அடைமொழி ஆண் பெண் பார்த்து மாறணும்னு சட்டம் இல்ல, பத்திரிகைகள்ல வரவும் செய்யுது. ஆனா நான் எழுத மாட்டேன். லத்தீனான்னு ஒரே சொல் கையில இருக்கு, அந்தப் பொண்ணே தன்னை அப்படித்தான் சொல்லிக்குவா, நான் ஏன் சுத்தி வளைக்கணும். "லத்தீனா உமன்" இன்னொரு பக்கம், அது தமிழச்சிப் பொண்ணுங்கற மாதிரி ரெண்டு தடவை சொல்றது. சுருக்கமா எழுதுறவங்க அடிச்சிடுவாங்க. ஆனா இதையும் தப்புன்னு சிவப்பு மை போட்டுடாதீங்க டீச்சர், ஏன்னா சோட்டோமேயரே 2001-ல பெர்க்லியில பேசினப்போ "வைஸ் லத்தீனா உமன்"னு தான் சொன்னாங்க. 2009-ல அவங்களை சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிச்சப்போ அந்தப் பேச்சைத் தோண்டி எடுத்துப் பெரிய ரகளையே பண்ணாங்க. ஒரு லத்தீனா வெள்ளைக்கார ஆம்பளையை விட நல்ல முடிவு எடுப்பான்னு எப்படிச் சொல்லலாம்னு தான் சண்டை. இலக்கணத்தைப் பத்தி அதுல பேச்சே இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டவே வேண்டாம்: "ஃபீமேல் லத்தீனோ". போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

நான் குவைத்ல நர்ஸா இருக்கேன் அக்கா. எங்க வார்டுல பாதிப் பேர் ஃபிலிப்பைன்ஸ்காரங்க. ஷிஃப்ட் மாறுறப்போ ஒரு பொண்ணை "ஃபிலிப்பினோ நர்ஸ்"னு சொன்னேன், பக்கத்துல நின்ன மலையாளிச் சேச்சி "ஃபிலிப்பினான்னு சொல்லு"ன்னு திருத்தினாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ரெண்டும் ஓகேன்னா. நிஜமாவே ரெண்டும் ஓகேயா, இல்ல மரியாதைக்குச் சொன்னாளா?
– ரோ., குவைத்

நிஜமாத்தான் சொல்லியிருப்பா. இதுக்கு ஒரு காரணம் இருக்கு, கேளுங்க.

ஸ்பானிஷ்காரங்க 1565-ல இருந்து 1898 வரைக்கும் அந்தத் தீவுகளை ஆண்டாங்க. நாட்டுப் பேரே ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப் பேரு தான். ரொம்ப நாள் ஃபிலிப்பினோங்கற சொல் பெரும்பாலும் அந்த மண்ணுல பொறந்த ஸ்பானிஷ்காரங்களைத்தான் குறிச்சுச்சு, சொந்த மக்களை "இண்டியோ"ன்னு தான் கூப்பிட்டாங்க, அதுவும் மட்டமா. 19-ம் நூற்றாண்டுல எழுத்தாளர் ஹோசே ரிஸால் தலைமுறை தான் அந்தப் பேரை எங்களுதுன்னு எடுத்துக்கிட்டாங்க. எடுத்துக்கிட்டவங்களோட தாய்மொழியில, டகாலோக் மாதிரி மொழிகள்ல, அவன் அவள்ங்கற பிரிவே கிடையாது. "ஸியா"ன்னு ஒரே சொல், நம்ம "அவர்" மாதிரி, ஆனா மரியாதைக்குன்னு இல்லாம எல்லாருக்கும். அதனால ஓன்னா ஆண்ங்கற கறார் ஸ்பெயின்காரங்க அளவுக்கு அவங்க காதுல விழாது. "ஐ ஆம் ஃபிலிப்பினோ"ன்னு ஒரு பொண்ணு சர்வ சாதாரணமாச் சொல்லுவா. "ஐ ஆம் எ ஃபிலிப்பினா"ன்னும் சொல்லுவா. சேச்சி சொன்னதும் சரி, நீங்க சொன்னதும் சரி. சாப்பாடு, மொழி, கொடி, கம்யூனிட்டி எல்லாத்துக்கும் ஃபிலிப்பினோ மட்டும் தான்.

எழுதுறப்போ ஒரு இடத்துல மட்டும் ரொம்ப கவனமா இருக்கணும். இதை நான் அடிபட்டுக் கத்துக்கிட்டேன். 2021-ல ஃபிலிப்பைன்ஸ் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைச்சப்போ ஒரு சின்னச் செய்தி எழுதுனேன், பெண் தானே, முறையா எழுதுவோம்னு "நோபல் வாங்கின முதல் ஃபிலிப்பினா"ன்னு இங்கிலீஷ்ல போட்டேன். மணிலாவுல இருக்கற ஒரு சிநேகிதி அடுத்த நாள் காலையிலயே எழுதினா, "எங்க பொண்ணுங்கள்ல முதல் ஆளுன்னு சொல்லிட்டியே, எங்க நாட்டுலயே முதல் ஆள் அவங்க தான்"னு. நான் எழுதினதைப் படிச்சா, அதுக்கு முன்னாடி யாரோ ஒரு ஃபிலிப்பினோ ஆம்பளை வாங்கியிருக்கார், அவங்க பொம்பளைங்கள்ல ஃபர்ஸ்டுன்னு தான் தோணும். ஒரு எழுத்துல அவங்க சாதனையைப் பாதியா வெட்டிட்டேன். இன்னைக்கு நினைச்சாலும் மனசு குத்துது.

அதே வருஷம் ஜூலை 26-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல வெயிட்லிஃப்டிங் 55 கிலோ பிரிவுல ஹிடிலின் டயஸ் தங்கம் வாங்கினாங்க. ஃபிலிப்பைன்ஸ் 1924-ல இருந்து ஒலிம்பிக்ஸுக்குப் போகுது, 97 வருஷத்துல அந்த நாட்டுக்குக் கிடைச்ச முதல் தங்கம் அது. அங்கயும் முதல் ஃபிலிப்பினோ தான், ஃபிலிப்பினா இல்ல.

உல்டாவா ஒரு உதாரணம் சொல்றேன், அப்பத்தான் பிடிபடும். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கரான எலன் ஓச்சோவா 1993 ஏப்ரல்ல டிஸ்கவரி விண்கலத்துல போனாங்க. அவங்களை விண்வெளிக்குப் போன முதல் லத்தீனோன்னு எழுதினா பொய் ஆயிடும். 1980-லயே கியூபாவோட அர்னால்டோ தமாயோ மெண்டஸ் சோவியத் கலத்துல போயிட்டார், 1986-ல கோஸ்டா ரிக்காவுல பொறந்த ஃபிராங்க்ளின் சாங்-டியாஸ் அமெரிக்க ஷட்டில்ல போயிட்டார். ஓச்சோவா முதல் லத்தீனா. அங்க ஆ வேணும், ரெஸ்ஸாவுக்கு ஓ வேணும். "முதல்"னு எழுதுற கையெல்லாம் ஒரு நிமிஷம் நின்னு, யாரோட ஒப்பிட்டு முதல்னு கேட்டுக்கணும்.

உங்க வார்டு விஷயத்துக்கே திரும்பி வரேன். வளைகுடாவுல, சிங்கப்பூர்ல, ஹாங்காங்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காக்களை முதலாளிங்க "எங்க ஃபிலிப்பினா"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அங்க அது இனப் பேரா இல்ல, வேலைக்காரிங்கறதுக்கு இன்னொரு வார்த்தையா ஆயிடுச்சு. ஒரு நாட்டுப் பொண்ணுங்க அத்தனை பேரையும் ஒரே வேலைக்குள்ள அடைக்கிற பேச்சு அது. எனக்கு அதைக் கேட்டா ஆத்திரம் வரும். வேலையைச் சொல்லணும்னா வேலையைச் சொல்லுங்க, நர்ஸ், குக், அக்கவுண்டன்ட்னு. நாட்டைச் சொல்லணும்னா நாட்டைச் சொல்லுங்க. அவங்க தங்களைச் சொல்லிக்கிற சுருக்கப் பேரு ரெண்டு இருக்கு, நம்ம எழுத்துல ரெண்டும் "பினாய்"னு ஒண்ணா வந்துடும், அதனால இப்படி எழுதுறேன்: ஆணுக்குப் பினோய், பெண்ணுக்குப் பினாய். அது அவங்களுக்குள்ள செல்லமாச் சொல்லிக்கிறது, உங்ககிட்ட பழகி அவங்களே சொன்னா நீங்களும் சொல்லுங்க. "கபாயான்"னு ஆஸ்பத்திரி முழுக்க கேட்டிருப்பீங்களே, அதுக்கு எங்க ஊர்க்காரர்னு அர்த்தம், ஆண் பெண் வித்தியாசம் இல்ல.

இன்னொண்ணு, ஸ்பெல்லிங். நம்ம எழுத்துல ரெண்டும் "ஃபி" தான், தெரியாது. இங்கிலீஷ்ல நாட்டுப் பேரு பி-ஹெச் போட்டு ஆரம்பிக்கும், ஆளு பேரு எஃப் போட்டு ஆரம்பிக்கும். நாட்டுப் பேரை இங்கிலீஷ்காரங்க ஃபிலிப் ராஜாவை வச்சு மாத்திக்கிட்டாங்க, ஆளு பேரு ஸ்பானிஷ்ல இருந்து நேரா வந்துச்சு. சான்றிதழ் ஃபாரம்ல எல்லாம் இதை மாத்தி எழுதிடுறாங்க, பார்த்துக்கோங்க.

என் பொண்ணு நியூ ஜெர்சியில காலேஜ் சேர்ந்திருக்கா. அவங்க காலேஜ் மெயில்ல எல்லாம் "லத்தீனெக்ஸ்"னு வருது. அவளோட ரூம்மேட் டொமினிகன் குடும்பம், அந்தப் பொண்ணு இந்த வார்த்தையைக் கேட்டாலே கண்ணை உருட்டுதாம். என் பொண்ணு எதைச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறா.
– ஒரு அப்பா, எடிசன்

ரூம்மேட்டை லத்தீனான்னோ டொமினிகன்னோ சொல்லச் சொல்லுங்க சார். இல்ல, அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும், அதுல தப்பே இல்ல.

மேல டீச்சருக்குச் சொன்னேன்ல, ஸ்பானிஷ்ல அந்த "ர்" இல்லைன்னு. இந்தச் சண்டை முழுக்க அந்த இல்லாத "ர்"-ஐத் தேடுற சண்டை தான். முதல்ல ஓவுக்கும் ஆவுக்கும் பதிலா மெயில் அட்ரஸ்ல வர்ற அட் குறியைப் போட்டுப் பார்த்தாங்க, பார்க்க ஓவும் ஆவும் சேர்ந்த மாதிரி இருக்கும், ஆனா வாயால சொல்ல முடியாது. 2000-த்துக்கு அப்புறம் இன்டர்நெட்ல எக்ஸ் வந்துச்சு. ஆணும் இல்ல பெண்ணும் இல்லன்னு உணர்றவங்களுக்கும் ஒரு இடம் வேணும், பொண்ணுங்களை ஆண் வடிவத்துக்குள்ள முழுங்கக் கூடாது, ரெண்டும் நியாயமான காரணம். 2018-ல மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில ஏறிடுச்சு. காலேஜ், கம்பெனி, அரசியல்வாதிங்க எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க.

யாரைச் சொல்றாங்களோ அவங்க எடுத்துக்கல. பியூ ரிசர்ச் சென்டர் 2020-ல வெளியிட்ட சர்வேயில, அமெரிக்க ஹிஸ்பானிக் மக்கள்ல 23 சதவீதம் பேர் தான் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டிருந்தாங்க, தனக்குப் பயன்படுத்துறவங்க 3 சதவீதம். நாலு வருஷம் கழிச்சு 2024-ல வந்த சர்வேயில கேள்விப்பட்டவங்க 47 சதவீதமா ஏறிட்டாங்க, பயன்படுத்துறவங்க 4 சதவீதம். காதுக்குப் போச்சு, வாய்க்கு வரல. லூலாக்னு 1929-ல டெக்ஸஸ்ல ஆரம்பிச்ச பழைய லத்தீனோ உரிமை அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்களே 2021 டிசம்பர்ல இனிமே இந்த வார்த்தையை விட்டுடுறோம்னு சொல்லிட்டாங்க. ஆர்கன்சா மாநிலத்துல 2023 ஜனவரியில புது கவர்னர் வந்ததும் அரசுக் காகிதத்துல இதைப் போடக் கூடாதுன்னே உத்தரவு போட்டாங்க.

ஏன் ஒட்டலைன்னா, முக்கியமா வாய். ஸ்பானிஷ் பேசுற பாட்டிக்கு கடைசில எக்ஸ் வர்ற அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கிறதுன்னே தெரியாது, வாக்கியத்துல வர்ற மத்த சொல்லுக்கெல்லாம் எக்ஸ் போட்டா வாக்கியமே நகராது. எங்க மொழியை இங்கிலீஷ்காரங்க வந்து திருத்துறாங்கன்னு பல பேருக்குக் கோபம். அதுக்குப் பதிலா ஸ்பானிஷுக்குள்ள இருந்தே ஒரு வழி கிளம்புச்சு: "லத்தீனே". ஏற்கனவே "எஸ்துதியாந்தே"ன்னா மாணவனும் தான் மாணவியும் தான், அந்த மாதிரி ஏ-ல முடிக்கலாம்னு. அர்ஜென்டினாவுல இளைஞர்கள் கிட்ட இது நல்லாப் பரவுச்சு, பரவினதால எதிர்ப்பும் வந்து 2022-ல பியூனஸ் ஐரிஸ் நகரப் பள்ளிக்கூடங்கள்ல டீச்சர்ஸ் இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டாங்க. ஸ்பெயின்ல இருக்கற ராயல் ஸ்பானிஷ் அகாடமி எக்ஸ், ஏ எதையுமே ஏத்துக்கல, ஆண் வடிவமே எல்லாரையும் குறிக்கும்னு நிக்குது.

என் கருத்தைக் கேட்டீங்கன்னா, ஆறு கோடிப் பேருக்கு மொத்தமா லத்தீனெக்ஸ்னு பேர் வைக்க மாட்டேன், அதுல பெரும்பாலானவங்க அதை எடுத்துக்காதப்போ எனக்கு அந்த உரிமை இல்ல. ஆனா உங்க பொண்ணோட கிளாஸ்ல ஒருத்தர் நான் லத்தீனெக்ஸ்னு சொன்னா, அவருக்கு அந்தப் பேர் தான், அதுல கண்ணை உருட்ட நமக்கு வேலை இல்ல. அமெரிக்கப் பத்திரிகைகள் பல பின்பற்றுற ஏபி ஸ்டைல்புக்கும் கிட்டத்தட்ட இதே தான், பொதுவா லத்தீனோ, பெண்ணுக்கு லத்தீனா, எக்ஸ் வேணும்னு கேக்கறவங்களுக்கும் அமைப்போட பேருல இருந்தாலும் மட்டும் எக்ஸ்.

இதோட அண்ணன் தம்பி "ஃபிலிப்பினெக்ஸ்". 2020-ல ஒரு ஆன்லைன் அகராதி அதைச் சேர்த்ததும் மணிலாவுல இருந்து ஒரே சத்தம், எங்க மொழியில ஆண் பெண்ணே கிடையாது, இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்துன்னு. அமெரிக்காவுல வளர்ந்த பிள்ளைங்க சில பேர் எங்களுக்கு வேணும்ங்கறாங்க. அவங்க வளர்ந்தது இங்கிலீஷ்ல, அந்த ஓ அவங்க காதுல வேற மாதிரி விழுது, அதையும் புரிஞ்சுக்கத்தான் வேணும்.

கியூபாப் பொண்ணை இங்கிலீஷ்ல கியூபானான்னு எழுதணுமா?
– எம்., ஈரோடு

வேண்டாம். கியூபன் போதும். இங்கிலீஷ்ல ஏற்கனவே அவங்க சொந்த வார்த்தை இருக்கற இடத்துல ஸ்பானிஷ் வடிவத்தைத் தேடிப் போக வேண்டியதில்ல.

ஆ-ல முடிஞ்சா பெண்ணுன்னு நினைச்சு "போரிகுவா"ன்னு ஒரு பாடகரைப் பத்தி வந்ததைப் பார்த்து தப்புன்னு கமென்ட் போட்டுட்டேன், எல்லாரும் என்னைத் திட்றாங்க.
– பிரவீன், சென்னை

திட்டாம இருந்திருக்கலாம், ஆனா தப்பு உங்க பக்கம் தான் தம்பி. போரிகுவான்னா பியூர்டோ ரிக்கோக்காரர், அது ஸ்பானிஷ் விகுதி எடுத்த சொல் இல்ல. ஸ்பானிஷ்காரங்க வர்றதுக்கு முன்னாடி பியூர்டோ ரிக்கோ தீவுக்கு அங்கிருந்த தைனோ மக்கள் வச்ச பேரு போரிக்கேன், அதுல இருந்து வந்தது. ஆணும் போரிகுவா, பெண்ணும் போரிகுவா. மாயா, இன்கா, கெச்சுவா மாதிரி பூர்வகுடிப் பேருங்களும் அப்படித்தான், "மாயோ"ன்னு ஆண் வடிவம் கட்டிடாதீங்க. அந்த கமென்ட்டை எடுத்துட்டு ஒரு சாரி போட்டுடுங்க.

ஓடிடி கம்பெனி ஒண்ணுக்குத் தமிழ் சப்டைட்டில் பண்றேன். ஒரு டாக்குமெண்டரியில வயசான அம்மா ஒருத்தங்க "ஐ ஆம் எ சிகானா"ன்னு சொல்றாங்க. "நான் மெக்சிகோக்காரி"ன்னு போட்டேன், ரிவ்யூல தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. லத்தீனோஸ்னு வர்ற இடத்துல "லத்தீன்காரங்க"ன்னு போட்டதையும் அடிச்சிருக்காங்க. நான் என்ன தான் போடுறது?
– வி., மதுரை

ரிவ்யூ பண்ணவங்க பக்கம் தான் நான். கோச்சுக்காதீங்க.

மெக்சிகோக்காரின்னா மெக்சிகோ நாட்டுப் பொண்ணு. சிகானா அமெரிக்காவுல பொறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பொண்ணு, அதுலயும் அந்தப் பேரைத் தானே விரும்பி எடுத்துக்கிட்டவ. மெக்சிகானோங்கற சொல்லைப் பழைய காலத்துல மெஷிகானோன்னு உச்சரிச்சதுல இருந்து தலை உதிர்ந்து சிகானோ வந்திருக்கும்னு தான் பெரும்பாலும் சொல்றாங்க. ரொம்ப நாள் அது வசவு. ஏழைக் கூலிக்காரன், நாகரிகம் தெரியாதவன்னு அர்த்தம். 1960-கள்ல இளைஞர்கள் அந்த வசவையே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க, ஆமா நாங்க சிகானோ தான், வெள்ளைக்காரன் மாதிரி ஆகணும்னு எங்களுக்கு ஆசை இல்லைன்னு. இன்னைக்கும் மெக்சிகன் அமெரிக்கர் எல்லாரும் அந்தப் பேரை ஏத்துக்கல, அதனால பார்த்தவங்களை எல்லாம் அப்படிக் கூப்பிட முடியாது.

அந்தக் காலத்துல நடந்த ஒரு விஷயத்துல நாம பேசுன ரெண்டு கூட்டத்தாருமே, ஃபிலிப்பினோவும் மெக்சிகோ வம்சாவளியும், வர்றாங்க. 1965 செப்டம்பர் 8-ம் தேதி கலிஃபோர்னியாவுல டெலானோங்கற ஊர்ல திராட்சைத் தோட்டத்துல முதல்ல வேலையை நிறுத்துனது ஃபிலிப்பினோ தொழிலாளிங்க, லேரி இட்லியாங் தலைமையில. எட்டு நாள் கழிச்சு, மெக்சிகோ சுதந்திர தினத்தன்னைக்கு, சேசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்ட்டாவும் நடத்தின சங்கத்துல இருந்த மெக்சிகன் அமெரிக்கத் தொழிலாளிங்க சேர்ந்தாங்க. அஞ்சு வருஷம் போச்சு அந்தப் போராட்டம். பேர் எல்லாம் பெரும்பாலும் சாவேஸுக்குத்தான் போச்சு, இட்லியாங்கும் மறந்து போனார், ஹுவெர்ட்டாவும் ரொம்ப நாள் ரெண்டாவது வரியில தான் இருந்தாங்க. சிகானோ இயக்கத்துக்குள்ளயே பொண்ணுங்க டீ போடவும் டைப் அடிக்கவும் தானான்னு கேள்வி கேட்டு எந்திரிச்சப்போ தான் சிகானாங்கறது வெறும் பெண்பால் வடிவமா இல்லாம தனிக் கொடியா ஆச்சு. சான்டா பார்பரா கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியில அந்தத் துறைக்குப் பேரே "சிகானா அண்ட் சிகானோ ஸ்டடீஸ்", சிகானா தான் முதல்ல. ஓ-லயே எல்லாரும் அடக்கம்னு சொல்லிட்டுப் போயிருந்தா அந்தப் பேர் வந்திருக்காது.

அதனால அந்த அம்மா வாயில வர்றதை "நான் ஒரு சிகானா"ன்னே போடுங்க. படத்துல முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் இடம் இருந்தா "மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண், சிகானா"ன்னு விரிச்சுக்கலாம்.

லத்தீன்காரங்க வேண்டாம், நம்ம ஊர்ல கன்னியாகுமரி, கேரளாப் பக்கம் லத்தீன்னா லத்தீன் கத்தோலிக்கர்னு தான் காதுல விழும். "லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்"னு போடுங்க, நம்மகிட்ட தான் அந்த "ர்" இருக்கே, ஆண் பெண் யாரும் வெளிய நிக்க மாட்டாங்க. நீளமா இருக்கு, ரெண்டு செகண்டுல படிக்க முடியாதுன்னு சொல்லுவீங்க, தெரியும். அப்போ லத்தீனோக்கள்னு போட்டுக்கோங்க. சிகானா வர்ற வரியில இடம் பத்தலேன்னா "ஒரு"வை வெட்டுங்க, "நான் சிகானா". அந்தச் சொல்லை மட்டும் தொடாதீங்க.